பத்தாயிரத்து ஒன்றும் திருமலைச்சாமியின் பரிவட்டமும்

திருமலைச்சாமி அட்டுவம்பட்டியில் டியூஷன் நடத்தி ஓய்ந்து மேல்மலைக்குத் திரும்பியவர். ஊரில் பூண்டுத் தோட்டம் இருந்தும் செருப்பில் மண் ஒட்டும் என்று அந்தப் பக்கமே போகமாட்டார். எண்கள்தான் அவருக்குச் சகலமும். கல்யாணத்தன்று பெண்ணின் பிறந்த தேதி இரண்டால் வகுபடுகிறது என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்த மனுஷர்.

எழுபத்தொரு வயதில் 10001 அவரைப் பிடித்தது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண் அது என்று ஊரெல்லாம் முழக்கினார். மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனார். அவர் கசக்கி எறிந்த தாளைத் தின்ற காட்டுமாடு ஒன்று மூன்று நாள் ஒற்றைப்படையிலேயே கத்தியது, நான் எண்ணினேன். எழுபத்தொன்று வந்ததும் பேனாவை மூடிவிட்டார். நூறு வரை போகவேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"என் வயசு வரைக்கும் மசியாத நம்பர் இனிமேலயா மசியப்போகுது?" என்றார்.

இந்த லட்சணத்தில் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து நின்றார். "அம்மனுக்குப் பத்தாயிரத்தொரு வெளக்கு வைப்போம். அதைச் சம வரிசையா நிறுத்த எந்தக் கொம்பனாலயும் ஆகாது. ஆகலைன்னா பரிவட்டம் எனக்கு. ஆச்சுன்னா எனக்கு வேண்டாம்."

முதல் மரியாதைக்காக வாழ்நாளெல்லாம் ஏங்கியவர். ஊரும் தலையாட்டியது. அதற்குத் தலை அவ்வளவுக்குத்தான் பயன்படும்.

விளக்கு வைக்கும் சோலி, அவர் தோட்டத்தில் பூண்டு ஊன்றும் காளியாயிக்கும் அவள் கூட்டத்துக்கும். திருவிழாவன்று வெள்ளனே வந்தார்கள். மாலையில் திருமலைச்சாமி புது வேட்டி சரசரக்க வந்தார்.

"என்ன காளியாயி, கோணிப்போச்சா?"

"நேராத்தாங்க நிக்குது. எழுவத்து மூணு வரிசை. வரிசைக்கு நூத்தி முப்பத்தேழு. மிச்சம் ஒண்ணும் கெடக்கல."

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"இதுல சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? ஒங்க கீழ்த் தோட்டத்துல பாத்திக்கு எழுவத்து மூணு வரிசைங்க. கயித்துல நூத்தி முப்பத்தேழு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பல்லு. வருசா வருசம் பாத்திக்குப் பத்தாயிரத்தொண்ணுதான் ஊன்றோம். நீங்க ஒருக்கா எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் மூன்று வரிசையை எண்ணினார். மூன்றிலும் நூற்று முப்பத்தேழு. குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வெளக்கை எடுத்துரு."

"எடுத்தா பத்தாயிரங்க. நூறு நூறா நிக்கும்."

"அப்ப ஒண்ணு கூட வையி."

"ரெண்டு வரிசையா, பாதிக்குப் பாதி நின்னுரும்."

தாம்பாளத்தில் பரிவட்டத்துடன் பூசாரி காத்திருந்தார். "வெளக்கெல்லாம் ஒரே அளவில்லை" என்று திருமலைச்சாமி முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை. கூலிக்காரி தலையில் கட்டவும் பூசாரிக்குக் கை வரவில்லை. துணியை மடித்து அம்மன் காலடியில் வைத்துவிட்டு, பெரிய நியாயம் செய்தவர்போல நிமிர்ந்தார்.

"காத்து வருது, வெரசா ஏத்துங்க" என்றாள் காளியாயி.