ஒன்பது காட்டாத மணிக்கூடு

அந்த அம்மா எங்கள் கடைக்குள் வந்தபோது நான் முதலில் கவனித்தது அவருடைய இடது கையைத்தான். வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இருக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். வருகிறவர்களின் கண்ணைப் பார்ப்பதுதான் என் தொழில். ஆனால் சில வருடங்களாக எல்லோருடைய மணிக்கட்டையும் பார்க்கும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது.

அவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். பூப்போட்ட நீளச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. கண்புரை சத்திரசிகிச்சை முடிந்து புதுக் கண்ணாடி எடுக்க வந்திருந்தார். தெஹிவளையில் இருக்கும் மகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தார். அந்த அம்மாவின் மெலிந்த கையில் ஆண்கள் கட்டுகிற ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மணிக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. சதுர முகம். எண்களாலேயே நேரம் காட்டும் வகை, ஆனால் முகத்தில் ஓர் எண்கூட இல்லை.

அந்த மாதிரியை எனக்கு நன்றாகத் தெரியும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய சஞ்சிகையில் விண்ணோடத்துக்குள் மிதக்கும் விண்வெளி வீரர் ஒருவரின் படத்தைப் பார்த்தேன். அவரைச் சுற்றிக் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகள். கையிலோ, பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற கிளார்க் ஐயா கட்டியிருப்பதைப் போன்ற ஒரு பிளாஸ்டிக் மணிக்கூடு. அதைப் பார்த்துத் தனியே இருந்து சிரித்தேன். பிறகு அது மனதை விட்டுப் போகவில்லை. விண்வெளிக்குப் போய்வந்தவர்கள் கட்டிய மாதிரிகளைத் தேட ஆரம்பித்தேன். கண்ணாடிக் கடைக்காரிக்கு நுண்ணிய திருகாணி புதிதல்ல. பற்றரி கசிந்து பச்சை பிடித்தவற்றைச் சுத்தம் செய்யப் பழகினேன். இன்று என்னிடம் பதினான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வாடிக்கையாளர்கள் விட்டுப்போன பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் படுத்திருக்கிறது.

"அன்ரி, உங்கட மணிக்கூடு ஓடேல்லைப் போல கிடக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா ஓடல்ல மகள். கழட்டி வச்சா கை என்னமோ மாதிரி இருக்கு. அதான் கட்டியிருக்கேன்."

"விலைக்குக் குடுக்கிற யோசனை இருக்கோ?"

அவர் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். நான் கேட்டிருக்கக் கூடாது. அவசரமாக, "அப்பிடியெண்டால் நான் திருத்தித் தாறன். சும்மாதான். எனக்கு இது விருப்பம்," என்றேன்.

"வீட்டுக்கு வாங்க. என் கண்ணு முன்னால திறந்து பாருங்க. அதுக்குப் பிறகு யோசிப்பம்."

அடுத்த ஞாயிறு, அவருடைய பூசை முடிகிற நேரம் பார்த்து, மட்டக்குளி பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தேவாலயத்துக்குப் பின்பக்க ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. வரவேற்பறை மேசையில் துவாய் ஒன்றை விரித்து வைத்திருந்தார், சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் செய்வதைப் போல. பிறகுதான் சொன்னார், நாற்பது வருடம் மிட்வைஃபாக இருந்தவர் என்று. பெரும்பாலும் பக்கத்திலிருந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் பிரசவ அறையில். வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, பிள்ளை எத்தனை மணிக்குப் பிறந்தது, எல்லாம் இந்த மணிக்கூட்டைப் பார்த்துத்தான் எழுதினாராம்.

"எங்க வீட்டுக்காரர் ஹாபர்ல வேலை. கப்பல்காரன் ஒருத்தனுக்கு ரெண்டு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் குடுத்து இத வாங்கிட்டு வந்தார். சந்திரனுக்குப் போனவங்க கட்டினதுன்னு சொன்னார்."

"சந்திரனுக்கு இல்லை அன்ரி. இது அதுக்குப் பிறகு வந்தது. பூமியைச் சுத்திப் பறந்த ஆக்கள் கட்டினது."

"சந்திரனுக்குப் போகல்லயா?" சுவரில் மாலை போட்டுத் தொங்கிய படத்தை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டீங்களா? சாகிற வரைக்கும் எனக்குப் பொய் சொல்லியிருக்கீங்க."

பின்மூடியைத் திறந்தேன். பற்றரி கசிந்து உள்ளே பாசி படர்ந்ததைப் போல இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் செய்ய வேண்டும் என்றேன். நெடுநேரம் யோசித்தார். பிறகு மணிக்கூட்டைத் துவாயோடு சேர்த்து மடித்துத் தந்தார்.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, யன்னலோரம் அமர்ந்தேன். தூரிகையால் பச்சையைத் துடைத்து எடுத்தேன். புதுப் பற்றரி போட்டு, இரண்டு முனைகளை இடுக்கியால் ஒரு கணம் தொட்டேன். எண்கள் எழும்பின. அந்தக் கணம் ஒவ்வொரு முறையும் எனக்குப் புதிது. செத்துப்போன சாம்பல் நிறத்திலிருந்து கறுப்பாக நேரம் எழும்பி வரும். சத்தமாகக் கணவரைக் கூப்பிட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிமிடத்தின் கடைசி எண்ணில் ஒரு கோடு குறைந்தது கண்ணில் பட்டது. வலது பக்க மேற்கோடு. அது இல்லாததால் எட்டு ஆறாகவும் ஒன்பது ஐந்தாகவும் தெரிந்தன. தொடுப்பில் அழுக்கு இருக்கும் என்று நினைத்தேன். குறையில்லாமல் கொடுத்து அந்த அம்மாவை அசத்த வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எண்களைக் காட்டும் கண்ணாடித் தகட்டைத் தூக்கித் துடைத்துத் திரும்ப வைத்து அழுத்தினேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். மூலையில் தொடங்கிய கறுப்பு, துணியில் மை ஊறுவதைப் போல, எண்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போனது.

கணவர் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நீர் என்ன செய்தனீர்?"

"உடைச்சுப் போட்டன்."

"உம்மட்ட இதே மாதிரி ஒண்டு இருக்கெல்லோ?"

இருந்தது. என் பதினான்கில் நான் மிக அதிகம் நேசித்தது. இரண்டு வருடம் தேடி, கிராண்ட்பாஸில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்தது. கடைக்காரர் சிங்களத்தில் "மேக்க வெட நே, மிஸ்" என்று, வேலை செய்யாது என்பதை முதலிலேயே எச்சரித்துவிட்டுத்தான் தந்தார். அதற்கு உயிர் கொடுக்க எனக்கு நான்கு மாதம் எடுத்தது. அதைத் திறந்து அதன் கண்ணாடித் தகட்டைக் கழற்றினேன். அந்த அம்மாவின் மணிக்கூட்டில் பொருத்தினேன். எல்லாக் கோடுகளும் தெளிவாக வந்தன.

"எல்லாம் சரி. அவவுக்கு ஏன் சொல்ல வேணும்?" என்றார் கணவர்.

"சொல்லத்தான் வேணும்," என்றேன். உடைந்த தகட்டை ஒரு துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஆனால் மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போய், அவருடைய புதுக் கண்ணாடியையும் மணிக்கூட்டையும் மேசையில் வைத்தபோது, அந்த முகம் மலர்ந்த விதத்தில் நான் கோழையாகிப்போனேன். அவர் கண்ணாடியைப் போட்டு, மணிக்கூட்டைக் கையில் கட்டி, கன்னத்தில் வைத்துக்கொண்டார். ரிபன் கேக் வெட்டித் தந்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மணிக்கூட்டையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார். நேரம் நான்கு பத்தொன்பது.

"மகள், இது ஒம்பது காட்டுது."

"ஓம் அன்ரி."

"என்ட மணிக்கூடு ஒம்பது காட்டாது."

"ஒரு கோடு பழுதாக் கிடந்தது. அதையும் திருத்திப் போட்டன்," என்றேன். கேக் தட்டை மேசையில் வைத்தேன்.

அவர் மெதுவாகச் சிரித்தார். "அந்தக் கோட்டால வந்த கரச்சல் தெரியுமா? ஒரு இந்துக் குடும்பத்துப் புள்ள. ரெண்டு பதினஞ்சுக்குப் பொறந்ததுன்னு எழுதிக் குடுத்துட்டேன். தகப்பன் செவர் மணிக்கூட்டப் பாத்து ரெண்டு பத்தொம்பதுன்னு குறிச்சிருக்கார். ஒரு மாசம் கழிச்சு ரெண்டு சாதகத்தோட வந்து நிக்கிறார். ஒண்ணுல புள்ள ராசா, மத்ததுல கடங்காரன். அன்னைக்குத்தான் கோடு போயிருக்கிறதே எனக்குத் தெரிஞ்சிச்சு."

"பிறகு?"

"பிறகு என்ன, அஞ்சு வந்தா ஒரு நிமிசம் காத்திருப்பேன். அடுத்தது ஆறுன்னா அது அஞ்சு. உடைஞ்ச முட்ட மாதிரி சைபர் வந்தா அது ஒம்பது. அப்பிடிப் பாத்துப் பாத்தே மத்த புள்ளைங்கள எல்லாம் எழுதினேன். அந்தப் பையன் இப்ப கனடாவுல. வெளிநாடு போவான்னு ரெண்டு சாதகமும் சொல்லல்ல."

சிரித்து முடித்துவிட்டு மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு பழகிய முகத்தைத் தேடுகிறவரின் பார்வை அது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து துணியைப் பிரித்து வைத்தேன். அழுத்தியதையும் உடைத்ததையும், என்னுடையதிலிருந்து எடுத்துப் போட்டதையும் எல்லாம் சொன்னேன்.

அவர் கறுத்துப்போன அந்தச் சின்னத் தகட்டை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். எழுந்து குசினிக்குள் போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. போய்விடலாமா என்று எண்ணினேன்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"லேபர் ரூம்ல நாப்பது வருசம் நின்னேன் மகள். கெட்ட சேதியச் சொல்லுறதுக்கு நல்ல நேரம்னு ஒண்ணு இல்ல. வந்த உடனே சொல்லிடணும். ஒளிச்சு வச்சா அது உள்ளுக்கு வளரும்."

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அன்ரி."

"உடைஞ்சதுக்குக் கோவம் இல்ல. சாமான்னா உடையும்." கதிரையில் அமர்ந்தார். "உங்க மணிக்கூட்டுக்கு இப்ப என்ன?"

"அதில இப்ப ஒண்டும் தெரியாது."

"ஐயோ, அதுக்கேன் அப்பிடிச் செஞ்சீங்க?" என்றார். இந்த முறை கோபம் உண்மையாகவே வந்தது. எனக்காக வந்த கோபம். மணிக்கூட்டைக் கழற்றித் தர முயன்றார். நான் வாங்கவில்லை. இருவரும் அதை மேசையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவரே கட்டிக்கொண்டார். உடைந்த தகட்டையும் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு வெற்று மருந்துப் போத்தலுக்குள் போட்டு மூடினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, தெஹிவளைக்கு வந்த வழியில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு ஏறி வந்தார். என்னிடமிருக்கும் மற்ற மணிக்கூடுகளைப் பார்க்க வேண்டுமாம். கண்ணாடிக் கூடுகளைக் கட்டிலில் வரிசையாகத் திறந்து வைத்தேன். எந்த மாதிரி எந்தப் பயணத்தில் போனது என்று ஒப்பிக்கத் தொடங்கினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, ஒன்றைக் கையில் எடுத்தார். பட்டியில் முகத்துக்கு மிக அருகிலிருந்த துளை மட்டும் நீண்டு தேய்ந்திருந்தது.

"இது யார் கட்டினது?"

"இதே மாதிரியை ஒரு விண்வெளி வீரர்..."

"அது இல்ல. இது. இத யார் கட்டினாங்க?"

எனக்குத் தெரியவில்லை. பதினான்கில் ஒன்றுக்குக்கூடத் தெரியவில்லை. வாங்கும்போது கேட்கவே தோன்றியதில்லை. கட்டியவருக்கும் மெல்லிய கைதான் என்பதை அந்தத் துளை மட்டும் சொன்னது.

"ஏன் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரம் காட்டுது?" என்றார் அடுத்து.

ஓட வைத்தபின் என்னுடையவற்றில் எதற்கும் நான் நேரம் வைத்ததில்லை. அதைக் கேட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு அமர்ந்தார். நான் தொலைபேசியைப் பார்த்து நொடி சொல்ல, அவர் பித்தானை அழுத்தினார். கணவர் கொண்டுவந்து வைத்த பிளேன் ரீ ஆறிப்போனது. தகட்டைக் கொடுத்துக் கண் போன ஒன்றைத் தவிர்த்துப் பதின்மூன்றுக்கும் நேரம் வைத்து, மணிக்கொருமுறை ஒலிக்கவும் விட்டோம்.

ஐந்து மணிக்கு அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கீச்சிட்டன. அவர் விரல் விட்டு எண்ணினார்.

"பன்னெண்டுதான் அழுதிச்சு," என்றார் கவலையோடு. "ஒண்ணு அழல்ல. எதுன்னு பாருங்க."