முழந்தாளிட ஒரு முட்டி

அம்மா மூட்டு மாற்று அறுவைக்குச் சம்மதித்தது நடப்பதற்காக அல்ல. நடக்க முடியாததில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. நாங்கள் குடியிருந்த ஜீவனஹள்ளியில் அவளுக்கு வேண்டிய செய்தியெல்லாம் வாசலுக்கே வந்துவிடும். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையின்போது ஒழுங்காக முழந்தாளிட முடியவில்லை என்பதுதான் அவள் குறை. வலியில் உயிர் போனாலும் முழந்தாளிடுவாள். திரும்ப எழுப்ப நானும் பக்கத்திலிருக்கும் பெண்மணியும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டும். சாமியார் அப்பத்தை உயர்த்தும் நேரத்தில் உட்கார்ந்தே இருப்பவர்களைப் பற்றி அம்மாவுக்குத் திடமான அபிப்பிராயங்கள் உண்டு. வீடு வரும்வரை ஆட்டோவில் அவற்றைக் கேட்டுக்கொண்டே வருவேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. டாக்டர் ஒரு பிளாஸ்டிக் முட்டியை மடக்கி நீட்டி, பாதி கன்னடத்திலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினார். நடக்கலாம், மாடி ஏறலாம், பஸ்ஸில் போகலாம் என்றார். அம்மா தனக்கு வேண்டாத சாமான்களின் விலையைக் கேட்பதுபோல் தலையாட்டினாள். வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. அத்தனை உசத்தியான முட்டியில் முழந்தாளிட முடியாமல் போகுமென்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வீட்டில் நான் ஜெயில் வார்டன் ஆனேன். மணையை ஒளித்துவைத்தேன், மேல்நாட்டுக் கக்கூஸ் கட்டவைத்தேன், ஆபீசுக்கு லீவு போட்டு அவள் காலை மடக்கச் சொல்லி அதட்டினேன். பயிற்சி கொடுக்க ஒரு கன்னடப் பெண் வருவாள். அவள் மடக்கும்போதெல்லாம் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இயேசுவைக் கூப்பிடுவாள். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில்கூட அவள் இவ்வளவு உருக்கமாகச் செபம் செய்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அந்தப் பெண், முட்டி நன்றாக மடங்குகிறதென்று மெச்சினாள். அப்படியானால் எப்போது முழந்தாளிடலாம் என்று அம்மா கேட்டாள். அதை மட்டும் செய்யவே கூடாது, தரையிலும் உட்காரக் கூடாது என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். அம்மாவின் கன்னடம் என்னுடையதைவிட நல்ல கன்னடம். இருந்தும் தமிழில் சொன்னேன்.

"அப்ப எதுக்குடி இதை வெச்சாங்க?"

அன்று அம்மா சாப்பிடவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

குணமானபின் முதல் பூசைக்குப் போனோம். பூசைக்கு எடுபிடி செய்யும் கோயில்பிள்ளை மரியாதையாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். அம்மா அதைப் பார்த்த பார்வையில் அவரே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பத்தை உயர்த்தும் மணி அடித்தது. கோயில் முழுக்க முழந்தாளிட்டது. அம்மா உட்காரவில்லை. முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அத்தனை பேருக்கு நடுவில் தனி ஒருத்தியாக. எனக்கு மானம் போயிற்று. சேலையை இழுத்து, உட்காரும்மா என்று முணுமுணுத்தேன். அசையவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் யாரைப் பற்றியும் அபிப்பிராயம் வரவில்லை. கோபமோ, அழுகிறாளோ என்று பயந்துகொண்டே பார்த்தேன்.

"சாமியாருக்குக் கை நடுங்குதுடி," என்றாள். "இத்தனை வருஷமா தலையைக் குனிஞ்சே இருந்துட்டேன். அப்பத்தைத் தூக்கிப் புடிக்க எவ்ளோ கஷ்டப்படறாரு, பாவம். யாருமே பாக்கறதில்ல."