அண்ணனுக்குப் போட்ட இலை

பிலாச்சானை, அந்த உலர்ந்த இறால் விழுதை, வறுக்கும்போதே மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். நாற்றமாம்! எனக்கோ அந்த வாடையில் மலாக்காவில் நான் பிறந்த காஜா பேராங் வீட்டுச் சமையலறையே வந்து நின்றது.

அம்மா மலாக்கா செட்டி; பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழர் வம்சம், ஆனால் மலாய்தான் பேசுவாள். அப்பா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அண்ணன் காலில் பந்து கிடைத்தால் திடலே எழுந்து நிற்கும். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததும் மலாயா குழுவில் ஆடக் கூப்பிட்டார்கள். அவனோ, பந்து விளையாடவே சம்பளம் தருகிறார்கள் என்று கல்கத்தா கிளப்புக்குப் போய்விட்டான்.

அடுத்த போகிக்கு, எங்கள் வழக்கப்படி, இறந்துபோனவர்களுக்கு இலை போட்டு அவரவருக்குப் பிடித்ததைப் படைத்தோம். அம்மா கூடுதலாக ஓர் இலையை விரித்து இறால் சம்பல் வைத்தாள். அது அண்ணனுக்குப் பிடித்தது.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கா? என் நாட்டுக்குத்தானடி போயிருக்கான்!" என்று அப்பா கத்தினார்.

"என் நாட்ட விட்டுட்டுல்ல போனான்," என்றாள் அம்மா மலாயில். இலையை எடுக்கவில்லை.

அங்கே அவனை மலாயாக்காரன் என்றார்கள். முட்டி உடைந்து திரும்பி வந்தபோது இங்கே இந்தியாக்காரன் என்றார்கள். இலை விஷயத்தையும் யாரோ காதில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு போகிக்கும் படையல் இலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். அம்மா போன பிறகும்.

இன்று போகி. சம்பல் கொதிக்கிறது. எண்ணிப் பார்க்க அண்ணன் இல்லை; தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் கூடுதல் இலையை இந்த முறை நான்தான் போட வேண்டும்.