கீழே போய்க் குளித்துவிட்டு வந்த பட்டுச்சேலை

மூன்று இழுப்பு

ஜவுளிக்கடையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சேலை விரிக்கக் கற்றுத் தரவில்லை. மணிக்கயிறு இழுக்கத்தான் கற்றுத் தந்தார்கள். கோயமுத்தூரில் எங்கள் கடைக்கு அப்போது லிஃப்ட் கிடையாது. பட்டு செக்‌ஷன் மேல்மாடியில் இருந்தது. வாடிக்கையாளர் எடுத்த சேலையைப் பிரம்புக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்குவோம். கீழே டெலிவரி கவுண்டரில் கரீம் பாய் வாங்கிக்கொள்வார். மணியை ஒரு தடவை இழுத்தால் கூடை இறங்குகிறது. இரண்டு தடவை என்றால் மேலே குடிக்கக் கலர் சோடா வேண்டும். வெயிலில் வந்தவர்களுக்குக் கலர் கொடுக்காமல் சேலை காட்டுவது எங்கள் முதலாளிக்கு ஆகாது.

"மூணு இழுப்புன்னா என்னங்க பாய்?" என்று கேட்டேன்.

"சேலை குளிக்க வருதுன்னு அர்த்தம்மா" என்றார்.

விஷயம் இதுதான். வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று தள்ளிய சேலைகளில் ஒன்று அவர்களுக்குப் பொருத்தமானது என்று நமக்குத் தோன்றினால் அதைக் கீழே அனுப்பவேண்டும். பாய் அதை வேறு மாதிரி மடித்து, நல்ல பெட்டியில் வைத்து மேலே ஏற்றுவார். ஆனால் 'புதுசு' என்ற வார்த்தை எங்கள் வாயில் வரக்கூடாது. அதில் பாய் கறார். "கீழிருந்து வந்திருக்குதுங்க" என்று மட்டும் சொல்லலாம். அது உண்மைதானே!

மாம்பழக் கலர்

ஒரு நாள் காலையில் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தார்கள். கல்யாணப் பெண்ணையும் அழைத்து வந்திருந்தார்கள். அவள் பின்வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முடிவு செய்வது மாப்பிள்ளையின் அம்மா. நல்ல கம்பீரமான பெண்மணி.

நான் இரண்டாவதாக விரித்தது அரக்குக் கரை போட்ட மாம்பழக் கலர். பெண்ணின் கண் அதிலேயே நின்றுவிட்டது. மாமியார் முந்தானைக் குஞ்சத்தை விரலால் நிமிண்டிக்கொண்டே, "எங்கூட்டு மருமகளுகல்லாம் அரக்குத்தானுங்க கட்டுவாங்க. இது வேண்டாம், மடிச்சு வெச்சுருங்க" என்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதன்பிறகு அரக்கில் ரகம் ரகமாக விரித்தேன். ஒன்றில் ஜரிகை அதிகம் என்றார்கள், ஒன்றில் கம்மி என்றார்கள். ஒவ்வொன்றையும் தோளில் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் பெண், "உங்க இஷ்டமுங்க அத்தை" என்றாள். கேட்கக் கேட்க எனக்கே பொறுக்கவில்லை. இவள் அந்த மாம்பழக் கலரில்தான் மணவறையில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அதற்குள் மாமியார், "வேற கடை பாக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷமுங்க" என்று கெஞ்சி உட்காரவைத்தேன். அந்த மாம்பழக் கலர் சேலையைக் கூடையில் போட்டு மூன்று இழுப்பு இழுத்தேன். பதற்றத்தில் இன்னும் இரண்டு இழுத்திருப்பேன் போல. கூடை மேலே வந்தபோது சேலைப் பெட்டியோடு கலர் பாட்டில்களும் வந்தன.

"கீழிருந்து வந்திருக்குதுங்க" என்றேன். பாட்டிலையா சேலையையா என்று சொல்லவில்லை.

மாமியார் பெட்டியைத் திறந்தார். சேலையை எடுத்துத் தடவினார், முந்தானையை விரித்தார், பெண்ணின் தோளில் போட்டுப் பார்த்தார்.

"இதத்தான கண்ணு நான் காத்தாலருந்து தேடறேன்!" என்றார்.

கூட வந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். காலையில் அரக்குதான் வேண்டும் என்றவர்களும் அவர்கள்தான். பெண்ணின் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! பாட்டில் மூடியைத் திறக்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

குஞ்சம்

எல்லோரும் படியிறங்கிய பிறகு மாமியார் மட்டும் நின்றார். முந்தானையை என் கையில் கொடுத்தார்.

"ஏனம்மணி, இந்தக் குஞ்சத்துல ஒரு முடிச்சு அவுந்திருக்குது பாத்தியா?"

"மாத்தித் தாரனுங்க" என்றேன் அவசரமாக.

"மாத்தறதுக்கு என்ன இருக்குது? காத்தால நாந்தான் நிமிண்டி அவுத்தேன்."

நான் கூடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவரோ வாய்விட்டுச் சிரித்தார். "அத்தன பேருக்கு முன்னால வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். அப்பறந்தான் புள்ள மூஞ்சியப் பாத்தேன். சொன்ன வாயால எப்புடிக் கண்ணு திருப்பிக் கேக்கறது? எந்திரிச்சா நீ எதாச்சும் பண்ணுவேன்னுதான் எந்திரிச்சேன். நல்லவேளை, உங்க கூடை காப்பாத்துச்சு."

முடிச்சை அவரே போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

இப்போது அந்தக் கடையில் கண்ணாடி லிஃப்ட் இருக்கிறது. கூடை எங்கே போனதோ தெரியவில்லை. போன மாதம் சேலை எடுக்கப் போயிருந்தேன். தள்ளிவைத்த ஒன்றைத் திரும்பக் கேட்டதும் கவுண்டர் பெண், "அதத்தான் அப்பவே வேண்டாம்னீங்களே ஆன்ட்டி" என்றாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா கேட்டேன்" என்று சொல்லி வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

ஜவுளி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னதை அவருக்கு முன்னால் நீங்கள் மறந்துவிடுங்கள். கூடை இல்லாவிட்டால் என்ன, லிஃப்ட் இருக்கிறதே. சேலையை எடுத்துக்கொண்டு ஒரு தடவை கீழே போய்விட்டு வாருங்கள்.