பூணூலில் தொங்கிய சாவி

எனக்கும் ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். ஒரு சாண் நீளம்கூட இல்லாதவள். கறுப்பு நிறம், இரும்பு உடம்பு. அவளை எங்கள் மாட்டுங்கா ஜாகைக்குள் அழைத்து வந்தவர் என் கணவரேதான். காக்கித் துணியில் சுற்றி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். கல்யாணமான புதிதில் பாலக்காட்டிலிருந்து என்னைக் கூட்டி வந்தபோது, தாதர் ஸ்டேஷனில் என் டிரங்குப் பெட்டியைத் தூக்க அவருக்குக் கை வரவில்லை. கூலியாளைத் தேடி ஓடினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சொல்வது ஒரு கைத்துப்பாக்கியை. பிஸ்டல் என்பார் அவர். கோட்டுப் பைக்குள் போட்டால் வெளியே தெரியாத சின்ன ஜாதி.

என் கணவர் ஒரு மில்லில் காஷியராக இருந்தார். சம்பள நாளன்று பாங்கிலிருந்து கூலிப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பியூனோடு மில்லுக்கு வருவது அவர் வேலை. யுத்தம் முடிந்திருந்த சமயம். ஊர் நன்றாக இல்லை. பக்கத்து மில்லின் காஷியரைப் பட்டப்பகலில் நடுரோட்டில் மடக்கி, வயிற்றில் கத்தியை இறக்கி, பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். அந்த மனிதர் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் சம்பள நாள் வந்தால் எனக்குக் காலையிலிருந்து சோறு இறங்காது. அவருக்கும் இறங்கவில்லை என்பது, எச்சில் இலையை எடுக்கும்போது தெரியும். சீமைக்கே திரும்பிப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்கார மானேஜர்தான் தன் பிஸ்டலை இவருக்கு விற்றுவிட்டு, போலீசில் லைசென்சுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே, அது வந்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் உயிருக்குக் காவலாக வந்தது. வந்த அன்றே அது என் சாவியைப் பிடுங்கிக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்களுக்கு ஓர் அறையும் சமையல் உள்ளும்தான். அந்த அறையில் ஒரு தேக்கு பீரோ. நான் குடித்தனம் வைக்க வந்த அன்று, அதன் சாவியை என் கையில் கொடுத்து, "இந்த ஆம் இனிமே ஒன்னோடது" என்றார். அன்றிலிருந்து அது என் இடுப்பில் இருந்தது. குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். மாமியார் இல்லாத வீடு, குழந்தையும் அப்போது இல்லை. எனக்கென்று அந்தப் பெரிய ஊரில் இருந்த ஒரே அதிகாரம் அந்தச் சாவிதான். பிஸ்டல் வந்த சாயங்காலம் அவர் கையை நீட்டினார்.

"சாவியக் குடு. இது பூட்டித்தான் இருக்கணும். லைசென்ஸ் எம் பேர்ல இருக்கு."

"நான் பூட்டினா பூட்டாதா?"

"சொன்னாக் கேளு. வெளையாட்டுச் சாமான் இல்லே இது."

வாங்கி, பூணூலில் முடிந்துகொண்டார். என் இடுப்பில் இருந்தது அவர் மார்பில் ஏறி உட்கார்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சீமந்தத்துக்குப் போகப் பட்டுப்புடவை எடுக்க வேண்டும். என் புடவைக்கு நான் அவர் ஆபீசிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். வந்தவர் குனிந்து, பூணூலோடு சேர்த்துச் சாவியைத் துவாரத்தில் விட்டுத் திறந்தார். கழற்றிக்கூடக் கொடுக்கவில்லை. "சீக்கிரம் எடு, பூட்டணும்" என்று பக்கத்திலேயே நின்றார். என் வீட்டில் நான் திருட வந்தவள் மாதிரி கையை விட்டுப் புடவையை எடுத்தேன்.

பிறகு ஆரம்பித்தது அவர் அதனோடு பழகுகிற படலம்.

ஆபீசிலிருந்து வந்து காபி குடித்த கையோடு தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். கூடவே வந்த அச்சடித்த காகிதத்தை முழங்காலடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகமாகக் கழற்றுவார். குண்டு அடைக்கிற சட்டம் தனி. மேலே முன்னும் பின்னும் நகர்கிற மூடி தனி. அதற்குள் ஒரு ஸ்பிரிங். முதல் நாள் அந்த ஸ்பிரிங் எகிறிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பேரும் தவழ்ந்து தேடினோம். என் கைக்குத்தான் அகப்பட்டது. எடுத்து நீட்டினால், "தொடாதே, தொடாதே, வேர்வைக் கை" என்று வேஷ்டித் தலைப்பால் வாங்கிக்கொண்டார். அந்த வேர்வைக் கை பிசைந்து டப்பாவில் வைத்த சாதத்தைத்தான் மத்தியானம் ஆபீசில் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூருக்கு அப்பால் ஒரு மலையடிவாரத்துக்குப் போவார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மராட்டியர், லைசென்ஸ்காரர்களுக்கு அங்கே சுடக் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு மூன்று வாரம் முகம் தொங்கிப்போய் வந்தார். குறி எங்கேயோ, குண்டு எங்கேயோ. சின்னத் துப்பாக்கி என்றால் லேசு என்று நினைத்தாராம். சின்னதுதான் கையில் அதிகமாகத் துள்ளுமாம், பிடிக்கவும் இடம் போதாதாம். பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆத்திரப்பட்டா அது கேக்காது, தெரியுமோ? மூச்ச விட்டுட்டு, மெதுவா, அது போக்குலயே அழுத்தணும். அதும் மனசு இப்பதான் எனக்குப் பிடிபடறது."

நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனசு பிடிபட்டதா என்று யாரும் கேட்கவில்லை. குழவியை ஓங்கி ஒரு சுற்று சுற்றினேன். மாவு சுவரில் தெறித்தது.

சரஸ்வதி பூஜைக்கு அவருடைய பேனா, ரூல்தடி, என் தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பிஸ்டலைக் கொண்டுவந்து மணையில் வைத்து, "அதுக்கும் ஒண்ணு வை" என்றார். சரி, என்ன இருந்தாலும் அவர் உயிரைக் காக்கிறது என்று மனதார ஒரு பொட்டு வைத்தேன். நான் விரலை எடுப்பதற்குள் துணியால் துடைத்தார். பொடி உள்ளே போய்விடுமாம். மற்றதெல்லாம் பொட்டோடு இருக்க, அது மட்டும் பாழ் நெற்றியோடு கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட சனிக்கிழமைதான் என் வயிற்றெரிச்சல். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மத்தியானம் வந்ததும் மணையைப் போட்டு உட்காருவார். நல்லெண்ணெயைக் காய்ச்சி நான் தலையில் வைத்துத் தேய்ப்பேன். வாரத்தில் அந்த அரைமணி நேரம்தான் அவர் என்னோடு பேசுவார். ஆபீஸ் வம்பு, ரயில் வம்பு, ஊர்க் கதை, எல்லாம் அப்போதுதான். பிஸ்டல் வந்தபின் எண்ணெய்க் குளியல் நின்றுபோனது. சனிக்கிழமை அதற்கு எண்ணெய் போடுகிற நாளாகிவிட்டது. கோட்டைப் பகுதியில் ஒரு கடையிலிருந்து அதற்கென்றே ஒரு சின்னப் புட்டி வாங்கி வருவார். என் மல்மல் துணியைக் கிழித்து, நனைத்து, குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி துடைப்பார். என் கிண்ணத்து எண்ணெய் அடுப்படியில் ஆறிக் கிடக்கும்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை புட்டி காலி. கடையிலும் சரக்கு வரவில்லை.

"தையல் மிஷினுக்கு நீ என்ன போடறே?" என்றார்.

"தேங்காண்ணெ."

"அப்ப அதையே கொண்டா."

எங்கள் வீட்டில் அவியலுக்கும் அதுதான், தலைக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான். சனிக்கிழமைக் குளியலை விட்டால், வேறு எண்ணெய் உலகத்தில் உண்டு என்பதே பாலக்காட்டுக்காரர்களுக்குச் சந்தேகம். கிண்ணியில் ஊற்றி, அவர் முன்னால் நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனேன். தாராளமாகக் குளிப்பாட்டினார். அன்றைக்கும் எனக்கு ஒரு வார்த்தை கிடையாது.

திங்கட்கிழமை சம்பள நாள். காலையில் நல்ல குளிர். பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தார், சாப்பிட்டார், பீரோவைத் திறந்து பிஸ்டலைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் தலை வாரிக்கொள்ளலாம் என்று எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளை வெளேரென்று கட்டியாக உறைந்திருந்தது.

இது வருஷா வருஷம் நடப்பதுதான். குளிர்நாளில் தையல் மிஷினின் சக்கரம்கூட இறுகிக்கொள்ளும். பால்கனி வெயிலில் வைத்து, இளகினபிறகுதான் ஓடும். சீப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. சனிக்கிழமை மத்தியானம் இளகி ஓடின எண்ணெய், இப்போது அவர் கோட்டுப் பைக்குள் என்னவாக இருக்கும்?

ஒரு நிமிஷம், உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாக இறுகட்டும், சீராட்டினாரே, அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் பக்கத்து மில் காஷியரின் வயிறு ஞாபகம் வந்தது. சீப்பைப் போட்டுவிட்டு ஓடினேன்.

விரித்த தலையும் மடிசாருமாக ஒரு பொம்மனாட்டி ஸ்டேஷன் ரோட்டில் ஓடினால் மாட்டுங்காவே வேடிக்கை பார்க்கும். பார்த்தது. பால்காரப் பையா சைக்கிளை நிறுத்தி, "க்யா ஹுவா, பாயி?" என்று என்ன நடந்ததென விசாரித்தான். தூரத்தில் அவர் கறுப்புக் கோட்டு தெரிந்தது. புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா? "ஏன்னா" என்று அடித்தொண்டையில் கத்தினேன். ரோட்டில் போன அத்தனை அய்யர்களும் திரும்பினார்கள். திரும்பாதவர் ஒருத்தர்தான், என்னுடையவர். கடைசியில் ஸ்டேஷன் படிக்கட்டில் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"என்ன கோலம் இது? ஆத்துல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"அதுக்குத்தான் ஒடம்பு சரியில்லே" என்று பையைக் காட்டினேன். "தேங்காண்ணெ ஒறைஞ்சுடுத்து. புட்டில கல்லு மாதிரி நிக்கறது. அதுக்குள்ளேயும் அப்படித்தானே இருக்கும்?"

அவர் முகம் மாறியது. என்னோடு திரும்பி நடந்தார்.

வீட்டில் குண்டுச் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சுபேதார் சொல்லிக்கொடுத்தபடி சுவரைப் பார்த்துப் பிடித்து மூடியை இழுத்தார். பாதி வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அழுத்தித் தள்ளினதும் சோம்பேறித்தனமாக நகர்ந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், நேராக, ரொம்ப நாளைக்கு அப்புறம்.

"பிடி" என்று என் கையில் கொடுத்தார்.

அன்றுதான் அதை முழுசாகக் கையில் வாங்கினேன். அளவுக்கு மீறின கனம். கிரசினாயிலில் துணியை நனைத்து, அவர் கழற்றிக் கொடுத்த ஒவ்வொன்றையும் துடைத்தேன். இடுக்கெல்லாம் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தது. ஸ்பிரிங், ஊசி, நாலு துண்டு இரும்பு. இவ்வளவுதானா நீ என்று தோன்றியது. கீழ்த்தளத்துத் தையல்காரரிடம் மிஷின் ஆயில் இரண்டு சொட்டு வாங்கி வந்து போட்டதும் கடக்கென்று ஓடியது. அடுத்த ரயிலைப் பிடித்துப் போனார்.

வழியில் ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். பிஸ்டலை பீரோவில் வைத்துப் பூட்டினார். பூணூலைக் கழுத்தோரம் இழுத்து, முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். வேர்வையில் இறுகிப்போய் வரவில்லை. நானே நகத்தால் அவிழ்த்தேன். சாவி என் உள்ளங்கையில் விழுந்தது. அவர் உடம்புச் சூடு அதில் இருந்தது.

"ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "இனிமே அதுக்கு எண்ணெ நீயே போடு."

சக்களத்திக்கு என்னை வேலைக்காரியாக்கப் பார்க்கிறாரே என்று சுருக்கென்றது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தவர் தரையில் பேப்பரை விரித்துக்கொண்டு காத்திருந்தார். நான் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தேன். பேப்பரைக் காலால் ஒதுக்கிவிட்டு மணையைப் போட்டேன்.

"ஒக்காருங்கோ."

அவர் பீரோவைப் பார்த்தார்.

"அது காத்துண்டிருக்கட்டும்" என்றேன். "சாவி எங்கிட்டன்னா இருக்கு."