எஸ்தரின் குரலும் இரண்டு மைக்கும்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். போடியில் ஏலக்காய்க் கடை மாடியில் பதினெட்டு வருடமாக ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்துகிறேன். கரகரவென்று சத்தம் வந்தால் வயரைப் பார்ப்பேனே தவிர வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், அப்புறமும் நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம்.

என் மனைவி எஸ்தர் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். கழுத்தில் தைராய்டு கட்டி வந்து, ஆபரேஷன் செய்தால் குரல் மாறினாலும் மாறலாம் என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அவள் குரலை ஒழுங்காகப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பதற்றம். என்னிடம் இருந்தது பழைய ஜெர்மன் வால்வு மைக், அதில் எந்நேரமும் ஒரு இரைச்சல். அதை அப்படியே பார்த்துச் செய்த புது மைக் ஒன்றைத் தேனியில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிவந்தேன். எது தேவலை என்று பார்க்க, இரண்டையும் தலையோடு தலை ஒட்டி மாட்டி, ஒரே பாட்டை ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிந்தேன். பட்டப்பகல் மூன்று மணி.

போட்டுக் கேட்டால், பழையதில் எஸ்தர். புதியதில் அதே பாட்டு, அதே மூச்சு, ஆனால் தொண்டை அடைத்துப்போய் மேலே போகும்போதெல்லாம் உடைகிற குரல்.

"என்னங்க இது, கிழவி மாதிரி கேக்குது?" என்றாள்.

"டூப்ளிகேட் மைக்கு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். சொன்னேனே ஒழிய மனசு ஒப்பவில்லை. வயரை மாற்றினேன், சேனலை மாற்றினேன், நானே பேசிப் பதிந்தேன். என் குரல் இரண்டிலும் சுத்தமாக இருந்தது, அவள் பாடினால் மட்டும் உடைந்தது. மறுநாளே நண்பரிடம் திருப்பிக் கொடுத்தேன். "போன வாரந்தான் தேவாரம் ஊர்ல ஒரு அக்கா இதுல பாடுனாக, ஒரு குறையும் இல்லையே" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் பேசவே கூடாது என்றார்கள், அப்படியே இருந்தாள். வீட்டுக்கு வந்து முதன்முதலாக வாய் திறந்து, "காப்பி போடவா?" என்றாள். புது மைக்கில் கேட்ட அதே குரல்.

"டாக்டர்தான் முன்னாடியே சொன்னாகல்ல, எதுக்கு இப்படி முழிக்கிறீக?" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

அவளிடம் சொல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போய் அந்தப் பதிவை மறுபடி போட்டேன். சந்தேகமே இல்லை. எப்போதும் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுகிறவன், அன்று பித்துப் பிடித்தவன் மாதிரி கடைசிவரை கேட்டேன். பழைய மைக்கில் நாற்காலி நகரும் சத்தம், அவ்வளவுதான். புதியதில் அந்த உடைந்த குரல் கூப்பிடுகிறது. "ஏங்க." கொஞ்சம் விட்டு, மறுபடி "ஏங்க." மூன்றாவது தடவை அழுகையாக வருகிறது. பதில் சொல்ல ஆள் இல்லை. பதிந்த அன்று அவள் என்னைக் கூப்பிடவே இல்லை, நான் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் அடுப்படியிலிருந்து அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். "எதுக்கு இப்படி விழுந்தடிச்சு ஓடியாறீக?" என்று சிரிக்கிறாள். இரண்டாவது தடவை கூப்பிட நான் அவளை விட்டதே இல்லை.