பாக்கெட்டில் பேய் பிடிக்கும் சித்தி

எங்கள் சித்தி கதை எழுத உட்கார்ந்தால் பேய்கள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கும். செவ்வாய்க் கிரகத்துக்கு முதலில் போய் வந்தது எந்த ராக்கெட்டும் இல்லை, சித்திதான். போன இடத்தில் சும்மா இருக்காமல் அங்கிருந்தவர்களின் கோட்டு சூட்டையெல்லாம் வெளுத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். நம்பாதவர்கள் எங்கள் சலவைக் கடைக்கு வந்து விசாரிக்கலாம். வெறுங்கையோடு வர வேண்டாம், அழுக்குத் துணி கொண்டு வரவும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. காலையெல்லாம் நீராவி இஸ்திரி மேசை. மதியம் கூட்டம் குறைந்ததும் அதே மேசையில் ஒரு ஓரத்தைத் துடைத்துவிட்டு எழுத்து. ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் அவருடையது. ஒரு வாரம் பேய், ஒரு வாரம் விஞ்ஞானம். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர விடுமுறை கொடுத்துவிட்டு அங்கே துணி மடிக்கிறேன்.

கதை எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், "எல்லாம் கற்பனைதாங்க" என்பார். சுத்தப் பொய். பாக்கெட்டிலிருந்து வருகிறது. மெஷினில் போடுவதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்ப்போம். ஒரு பேனா தப்பினால் மொத்தத் துணியும் நாசம். கிடைக்கிற சாமானை உறையில் போட்டு, துணியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவோம். அதற்கு முன் சித்தி அதை உள்ளங்கையில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதை வெச்சிருந்த ஆள் எங்க போகக் கூடாது?"

அவ்வளவுதான், அந்த ஆளை நேரே அங்கேயே அனுப்பிவிடுவார். ஓட்டல் அறைச் சாவி கிடைத்தபோது, இன்னும் பிறக்காதவர்கள் மட்டும் தங்கும் ஓட்டல் வந்தது. கிழிந்த சினிமா டிக்கெட்டிலிருந்து, கடைசி வரிசை மட்டும் நிலவில் இருக்கும் தியேட்டர் வந்தது.

பிறகு ஒரு சாம்பல் நிறக் கோட்டு வந்தது. பாக்கெட்டில் குழந்தைகள் ஊதும் தகர விசில். அதை வைத்திருந்தவர் லிஃப்டில் ஏறுகிறார், லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருக்கிறது, விசில் சத்தம் மட்டும் மேலே வருகிறது என்று சித்தி எழுதினார். கதை அச்சாகிவிட்டது. கோட்டை வாங்க அந்த ஆள் வரவில்லை. அவர் கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டால் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

"வேற ஊருக்குப் போயிருப்பாரு சித்தி."

"கோட்டை விட்டுட்டா?"

"புதுசு வாங்கியிருப்பாரு."

"குழந்தையோட விசிலையுமா விட்டுட்டுப் போவாரு?"

நான் இன்னொரு தடவை அந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

அன்றிலிருந்து சித்தி எந்தப் பாக்கெட்டிலும் கைவிடுவதில்லை. "நீயே பாரு" என்று மூட்டையை என் பக்கம் தள்ளிவிடுவார். கேட்பாரற்ற துணிகள் தொங்கும் பின்கம்பியில், பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கோட்டு. இஸ்திரி நீராவி விடும்போதெல்லாம் உறை மெல்ல உப்பும், மெல்ல ஒட்டும். உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி. சித்தி அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கப் பழகிக்கொண்டார். எழுதும் ஓரத்தில் மடித்த துண்டுகள் ஏறி உட்கார்ந்தன.

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். சித்தி எடுக்கவில்லை, நான் எடுத்தேன்.

"எத்தனை வாரம்மா பழைய கதையையே போட்டு ஓட்டறது? வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா பக்கத்தைச் சமையல் குறிப்புக்குக் குடுத்துடுவேன்."

சித்தியிடம் அப்படியே சொன்னேன். "குடுக்கட்டும். சமையல் குறிப்புல வந்து யாரும் காணாமப் போக மாட்டாங்க" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் கையிலிருந்த வெள்ளைக் காலர் மஞ்சளாகப் பொசுங்கியது. சித்தி துணியைப் பொசுக்கி அதுவரை நான் பார்த்ததில்லை.

சரி, பேய்க்குப் பஞ்சம் என்றால் நாமே சப்ளை செய்துவிடலாம் என்று இறங்கினேன். முள் இல்லாத கைக்கடிகாரம், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, பழைய பொம்மையின் கண்ணாடிக் கண் என்று வீட்டுப் பரணையே காலி செய்தேன். ஏதாவது பாக்கெட்டிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்து, "ஐயோ சித்தி, இதைப் பாருங்களேன்!" என்று அலறுவேன். நடிப்பில் நான் கெட்டிக்காரி.

"யாரோட துணிடி?"

"அந்த வங்கிக்காரரோடது."

சித்தி தொட மாட்டார். பார்ப்பார். பிறகு என்னையும் பார்ப்பார். பொம்மைக் கண்ணை மட்டும் மேசை ஓரத்தில் வைக்கச் சொன்னார். நாங்கள் எந்தப் பக்கம் போனாலும் அது திரும்பிப் பார்க்கிற மாதிரியே இருந்தது. அதைக் கொண்டுவந்தவளே நான்தான் என்பது அடிக்கடி மறந்துபோய், அந்த ஓரத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

வியாழக்கிழமை மதியம் துண்டுகள் இறங்கியிருந்தன. மேசையில் மை காயாத தாள்கள். அனுப்புவதற்கு முன் நான் சத்தமாகப் படிக்க வேண்டும், சித்தி இஸ்திரி போட்டபடி கேட்பார். அதுதான் எங்கள் ஏற்பாடு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குரலைக் கரகரவென்று மாற்றிக்கொண்டு ஆரம்பித்தேன்.

கதையில் ஒரு சலவைக் கடை. அங்கே துணி மடிக்கும் பெண் செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. அது அவளுக்கு மட்டும் தெரியாது. பாக்கெட்டுகளிலிருந்து விசித்திரமான சாமான்களை எடுத்து நீட்டுகிறாள். நிஜமாகவே பாக்கெட்டில் கிடந்த சாமானில் நூல் துகளும் தூசியும் ஒட்டியிருக்கும். இவள் நீட்டுவதில் ஒரு துகள்கூட இல்லை. செத்தவர்களின் கை அவ்வளவு சுத்தம். அவளுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. பயந்தால் கட்டைவிரல் நகத்தைக் கடிப்பாள்.

வாயிலிருந்த கட்டைவிரலை எடுத்தேன். அதே விரலால் என் இடது புருவத் தழும்பைத் தடவிப் பார்த்தேன். நீராவி உஸ்ஸென்று அடங்கியது.

"ஏன் நிறுத்திட்ட?"

"சித்தி, இந்தப் பொண்ணை ஏன் சாகடிச்சீங்க?"

அவர் தலை நிமிரவில்லை. ஒரு சட்டைக் கையை நீவி, மடிப்பைச் சரிபார்த்தார்.

"உயிரோட எழுதப் பயமா இருக்குடி. ஏற்கனவே செத்தவளா எழுதிட்டா, அதுக்கப்புறம் அவளுக்கு ஒண்ணும் ஆகாது பாரு. ம், மேல படி."

படித்தேன். அடுத்த வரியிலேயே அந்தப் பேய் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது.